கோட்டையை வலம் வந்த கசெற்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. பேபி அன்ரி சோபாவின் நடுவில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, மடியில் மிக்ஸர்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ரீவியையே பார்த்துக்கொண்டிருந்தார். ரீவியில் இன்னும் ஒன்றும் வரவில்லை.

"என்ன யோகமலர், பெடியனைக் காட்டப் போறியளோ, இல்லாட்டி நான் எழும்பட்டோ? இண்டைக்கு இன்னும் ரெண்டு வீட்டை போய்ச் சம்பந்தம் கதைக்கக் கிடக்கு."

"பொறுங்கோ பேபியக்கா. இப்ப வரும்."

யோகமலர் வி.சி.ஆருக்கு முன்னால் முழங்காலில் நின்று பொத்தான்களை அமத்திக்கொண்டிருந்தாள். பிரான்ஸில் எடுத்த கசெற் கனடா வி.சி.ஆரில் ஓடாது, வெறும் கோடுகள்தான் வரும். அதனால் மல்வேர்ன் பிளாஸாவில் வீடியோக் கடை வைத்திருக்கும் அன்புராசாவிடம் கொடுத்து மாற்றி எடுத்திருந்தாள். போன கிழமை தருகிறேன் என்றவன் நேற்றுப் பின்னேரந்தான் தந்தான்.

யோகமலரின் மகள் கஜனி மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து ரீவியும் தெரியும், அம்மாவின் முகமும் தெரியும். இன்றைக்கு அவளுக்கு இரண்டும் தெரியவேண்டியிருந்தது.

ஆனி மாதம் அவள் பிரான்ஸுக்குப் போய் வந்திருந்தாள். துலூஸில் இருக்கும் சித்தி வீட்டுக்கு லீவில் போகிறாள் என்றுதான் ஊருக்குச் சொன்னது. உண்மையில் போனது மிதுனனைப் பார்க்க. துலூஸிலிருந்து ரயிலில் போகக்கூடிய கார்க்கசோன் என்ற பழைய கோட்டை நகரத்தில், ஒரு ஹோட்டல் குசினியில் அவனுக்கு வேலை. பேபி அன்ரி கொண்டுவந்த சம்பந்தம். மிதுனனின் தாய் படித்த பெண்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாராம். "அதுக்கென்ன, பெட்டை கம்பஸ் படிக்கிறாள்" என்று பேபி அன்ரி வாக்குக் கொடுத்தார். அவருக்கு அப்படிச் சொன்னது யோகமலர்.

கஜனி பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. பதினோராம் வகுப்பில் ஒருநாள், பிள்ளைகள் முன்னால் நின்று ஒரு விஷயத்தை விளங்கப்படுத்திப் பேசச் சொன்னார்கள். முதல் நாள் முழுக்கப் பாடமாக்கியிருந்தாள். எழும்பி நின்றாள், வாய் திறக்கவில்லை. ஒருத்தன் சிரித்தான். பிறகு பலபேர் சிரித்தார்கள். அடுத்த நாள் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறியவள் பள்ளிக்கூடத்துத் தரிப்பில் இறங்காமல் அப்படியே போய்விட்டாள். அதன் பிறகு போகவேயில்லை. இப்போது மில்லிக்கனில் வாழ்த்து அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் ஒரு கொம்பனியில் வேலை. யாரும் கேட்டால் "படிப்புக்குப் பக்கத்தாலை கொஞ்சம் வேலையும் செய்யிறாள்" என்று யோகமலர் சொல்லுவாள். முதலில் அந்தப் பொய் மகளைக் காப்பாற்றத்தான் சொல்லப்பட்டது. வருஷங்கள் போகப்போக அது வீட்டுச் சாமான்போல ஆகிவிட்டது. யாரும் அதைத் தூக்கி வெளியில் வைக்கவில்லை.

கார்க்கசோன் கோட்டையைச் சுற்றி நடந்த அன்றைக்கு, கஜனி மிதுனனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் பதிலுக்குக் கேட்டான். அவனுக்குத் தெரியும் என்பதை அவள் தன் வீட்டில் சொல்லவேண்டும்.

"சொல்லாட்டி?" என்று அவள் கேட்டாள்.

"சொல்லாட்டி நான் வரமாட்டன். உங்கடை அம்மாவுக்கு முன்னாலை காலம் முழுக்க நடிக்க என்னாலை ஏலாது."

ஞாயிறு தோறும் இரவில் அவன் ரெலிபோன் எடுப்பான். "சொல்லிப்போட்டியளோ?" என்பான். "இன்னும் இல்லை" என்பாள். "சரி, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்பான். அவன் கோபித்திருந்தால் லேசாக இருந்திருக்கும். போன ஞாயிறு அவன் அதைக் கேட்கவேயில்லை. வெயிலைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டான்.

அம்மாவிடம் சொல்ல அவள் முயலாமல் இல்லை. காய் வெட்டும்போது, உடுப்பு மடிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் வாயெடுத்திருக்கிறாள். பிறகு "கறிக்கு உப்புக் காணும்தானே" என்று கேட்டிருக்கிறாள்.

ஆனால் இப்போது கசெற் வந்திருந்தது. கோட்டையைச் சுற்றி நடந்தபோது சித்தப்பா சண்முகலிங்கம் பின்னாலேயே வீடியோக் கமராவோடு வந்தார். தன் தமக்கை யோகமலரும் பெடியனைப் பார்க்கவேண்டும் என்பது சித்தியின் கட்டளை. கஜனி மிதுனனிடம் சொல்லி முடித்துத் திரும்பியபோது, கமராவின் சிவப்பு லைற் எரிந்துகொண்டிருந்தது. அப்போது அவள் பயந்துபோனாள். திரும்பி வரும் விமானத்தில், அந்தப் பயமே மெல்ல மெல்ல ஒரு ஆறுதலாக மாறியது. கசெற்றில் எல்லாம் இருக்கிறது. அவள் வாய் திறக்கத் தேவையில்லை. கசெற் சொல்லும்.

"வந்திட்டுது, வந்திட்டுது!" என்றார் பேபி அன்ரி.

ரீவியில் முதலில் வானம் வந்தது. பிறகு சித்தப்பாவின் சப்பாத்து. அதன் பிறகு படம் நிமிர்ந்து, கூம்புக் கூரை போட்ட இரண்டு தடித்த கோபுரங்களும் நடுவில் வாசலும் தெரிந்தன. காற்று மைக்கில் மோதி இரைந்தது. அதற்கு மேலாகச் சித்தப்பாவின் குரல் கேட்டது: "இதுதான் கார்க்கசோன். வலு பழைய கோட்டை. ரெண்டு சுத்து மதில். எல்லாரும் வடிவாய்ப் பாருங்கோ."

"அட, சத்தமெல்லாம் துலக்கமாய்க் கேக்குது" என்றாள் யோகமலர்.

கஜனி முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

படத்தில் மிதுனன் வந்தான். மெலிந்த உயரமான பெடியன், வெள்ளைச் சேர்ட்டின் கையை மடித்து விட்டிருந்தான். கையில் ஒரு மடித்த தாள். வழிகாட்டி இல்லாமல் தாங்களாகவே நடந்து பார்ப்பவர்களுக்காகக் கொடுக்கும் தாள் அது. கோட்டையின் படம் போட்டு, எங்கே நின்று எதைப் பார்க்கவேண்டும் என்று இலக்கமிட்டிருந்தார்கள்.

"நிறம் கொஞ்சம் குறைவுதான்" என்றார் பேபி அன்ரி. "ஆனால் முகவெட்டு நல்லம். மூக்கைப் பாரும்."

படத்தில், வாசலைத் தாண்டி உள்ளே போனதுமே சண்டை தொடங்கியது. வெளி மதிலுக்கும் உள் மதிலுக்கும் நடுவே புல் முளைத்த அகலமான பாதை ஒன்று நகரத்தைச் சுற்றிப் போகிறது. வலப்பக்கமாகத் திரும்பும்படி தாளில் அம்புக்குறி போட்டிருந்தது. சித்தி அசையவில்லை.

"தம்பி, உப்பிடிப் போனால் கோட்டை எங்கடை இடக்கைப் பக்கமெல்லோ வரும்?"

"ஓம் அன்ரி. ஆனால் முதலாம் இலக்கம் உங்காலைதான் கிடக்கு."

"அது வெள்ளைக்காரன்ரை இலக்கம். நாங்கள் ஒரு நல்ல காரியத்துக்கு வந்திருக்கிறம். வலம் வராமல் இடம் சுத்திறதே?"

"உதென்ன கோயிலே?" சித்தப்பாவின் குரல் கமராவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"ரெண்டு மதில், நடுவிலை வீதி. வெளிவீதி மாதிரித்தானே கிடக்கு? நீங்கள் படத்தை எடுங்கோ, வாயை மூடிக்கொண்டு."

ரீவிக்கு முன்னால் பேபி அன்ரி தொடையில் தட்டிச் சிரித்தார். "கெட்டிக்காரி உம்மடை தங்கச்சி! சரியாய்த்தான் சொல்லியிருக்கிறா."

அப்படித்தான் அவர்கள் அந்த நடையைக் கடைசி இலக்கத்திலிருந்து தொடங்கினார்கள். மிதுனன் தாளைப் பிரித்து, பிரெஞ்சில் இருந்ததைத் தமிழில் சொன்னான். "கடைசி இலக்கத்திலை என்ன எழுதியிருக்கெண்டால், நீங்கள் சுத்தி முடிச்சிட்டியள், களைச்சிருப்பியள், இருந்து கோப்பி குடியுங்கோ எண்டு." சித்தி உடனே, "அதுவும் நல்ல யோசினைதான்" என்றார். படம் ஆடியது. சித்தப்பா சிரித்திருக்கவேண்டும்.

கமரா காட்டாத பலதும் கஜனிக்குத் தெரிந்தது. எதிரே வந்தவர்கள் எல்லாரும் சரியான திசையில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் மட்டும் எதிர்த்து நடந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் யாரோ ஒருவர் ஒதுங்கி வழிவிட்டுச் சிரித்தார். மதில் கற்களின் இடுக்குகளில் மஞ்சள் பூச்செடிகள் முளைத்திருந்தன. வெயில் பட்ட கல்லில் கை வைத்தால் இளஞ்சூடாக இருந்தது. நிழலில் இருந்த கல்லோ கிணற்றுக் கட்டுப்போலக் குளிர்ந்தது. உள் மதிலுக்கு மேலே யாரோ ஒரு வீட்டு ஜன்னலில் படுக்கை விரிப்பை உதறினார்கள். இத்தனை பழைய கோட்டைக்குள் இன்னும் ஆட்கள் படுத்து எழும்பி விரிப்பு உதறுகிறார்கள் என்பது அவளுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

"ஓய்வு நாளிலை நான் இதிலை தனிய நடக்கிறனான்" என்று மிதுனன் அன்றைக்குச் சொல்லியிருந்தான். "தாளைப் பாத்துப் பாத்து இப்ப பாடமாய்ப் போச்சு. ஆனால் இந்தப் பக்கத்தாலை ஒருநாளும் வந்து பாக்கேல்லை. வேறை ஊர் மாதிரிக் கிடக்கு."

கீழ் மதில் எந்தக் காலத்தது, அதற்கு மேல் கட்டியவர்கள் யார், அம்பு எய்வதற்கென்று விட்ட ஒடுங்கிய துவாரங்கள் எவை என்று அவன் காட்டிக்கொண்டு வந்தான். கூரைகளைக் காட்டி, "உது பழசில்லை. இடிஞ்சு கிடந்ததை நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னம் திருத்தேக்கை போட்டது" என்றான். அவன் ஒரு இலக்கத்தைச் சொல்ல, அதற்கு உரிய கோபுரத்தை அவள் கண்டுபிடிப்பாள். இரண்டொரு தரம் அவனுக்கு முன்னமே கண்டுபிடித்தாள். சித்தியின் செருப்புக் கடித்ததால் சித்தி பின்தங்கினார். சித்தப்பாவும் பின்தங்கினார். கமரா மட்டும் விடவில்லை.

ரீவியில் இப்போது அவர்கள் மேற்குப் பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். அங்கே பாதை ஒடுங்கி, மதில்கள் கிட்டக் கிட்ட வந்து, ஆற்றங்கரைப் பக்கம் இறங்கும் வாசல் ஒன்று வரும். ஓட் நதியின் பெயரால் அதை ஓட் வாசல் என்பார்கள். கஜனிக்கு அந்த இடம் மனப்பாடம். இன்னும் ஒரு வளைவு. அங்கேதான் மிதுனன் நின்று, எதிரே மதிலில் இருந்த வாசலைக் காட்டி, "இது பொய் வாசல். உள்ளை வாற எதிரியைக் குழப்பிறதுக்குக் கட்டினது. இதாலை போனால் ஒரு இடமும் போகேலாது" என்றான். பிறகு தாளை மடித்துக்கொண்டு, பேச்சுக்குக் கேட்டான்: "கம்பஸ் எல்லாம் எப்பிடிப் போகுது?"

அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரீவியில் இருவரும் வளைவில் திரும்பினார்கள். மிதுனன் கையை நீட்டினான். அந்த நேரம் படத்தைச் சுற்றிச் சிவப்பு இதயங்கள் நாலு மூலையிலும் பூத்தன. வயலின்கள் எழும்பின. ஒரு ஆணும் பெண்ணும் மாறி மாறி உருகிப் பாடத் தொடங்கினார்கள்.

"ஐயோ!" என்றார் பேபி அன்ரி ஆசையாக.

"அன்புராசா சும்மா விடுவானே" என்றாள் யோகமலர். "சோடியாய்ப் போற இடத்திலை பாட்டுப் போட்டுத் தாறன் எண்டவன். காத்து இரைச்சலாம், கதையும் வடிவாய்க் கேக்கேல்லையாம். அதை எடுத்துப்போட்டுத்தான் பாட்டை விட்டிருக்கிறான். நல்லாய்த்தானே கிடக்கு?"

பிறந்தநாளோ பெண் வயதுக்கு வந்த சாமத்தியவீடோ கலியாணமோ, அன்புராசாவின் கடைக்குப் போன எந்தக் கசெற்றும் பாட்டில்லாமல் திரும்பியதில்லை. கஜனிக்கு அது தெரியும். மல்வேர்ன் முழுக்கத் தெரியும். தெரிந்தும் அவள் அதை யோசிக்கவேயில்லை.

இதயங்களுக்கு நடுவில் அவளுடைய வாய் அசைந்தது. ஒரு சொல்லும் இல்லை. இந்த இடத்தில்தான் "நான் கம்பஸ் போறேல்லை" என்றாள். இந்த இடத்தில் பிள்ளைகள் சிரித்ததைச் சொன்னாள். இந்த இடத்தில் அட்டைப் பெட்டிகளைப் பற்றி. பாட்டுக்காரி அவளுடைய வாயால் காதலைப் பாடிக்கொண்டிருந்தாள்.

மிதுனன் பதில் சொன்னான். அன்றைக்கு அவன் முதலில் சொன்னது, "நல்ல காலம். கொமேர்ஸ் படிக்கிறியள் எண்டவை, அதைப் பற்றி என்னத்தைக் கதைக்கிறதெண்டு ஒரு கிழமையாய் யோசிச்சுக்கொண்டிருந்தனான்." அப்போது அவள் சிரித்தாள். ரீவியிலும் சிரித்தாள்.

"பாரும், பாரும், சிரிக்கிறாள்!" பேபி அன்ரி திரும்பினார். "எடியே கஜனி, என்னடி அப்பிடிக் கதைச்சனீங்கள்? எங்களோடை இருந்தால் வாய்க்குள்ளை கொழுக்கட்டை. அங்கை போய்ப் பொழிஞ்சிருக்கிறாய்!"

"சும்மா இருங்கோ பேபியக்கா. பிள்ளை வெக்கப்படுறாள்."

கஜனி எழும்பினாள். சோபாவுக்கும் ரீவிக்கும் நடுவில் வந்து நின்றாள். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுக்க நிற்பாட்டினாள். பாட்டு அறுந்தது. குசினியில் பிரிட்ஜ் இரைவது கேட்டது.

இரண்டு பேரும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டே பேர்தான். ஆனாலும் பதினோராம் வகுப்பில் நின்ற மாதிரியே இருந்தது. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மிக்ஸர்க் கிண்ணத்தில் வைத்தாள்.

"நான் கம்பஸ் படிக்கேல்லை எண்டு அவருக்குச் சொன்னனான்."

பேபி அன்ரி மிக்ஸர் கொறிப்பதை நிறுத்தினார்.

"பள்ளிக்கூடத்தை விட்டிட்டன் எண்டும் சொன்னனான். எல்லாம் சொல்லிப்போட்டன்."

"பகிடி விடுறாள்" என்றாள் யோகமலர். உதடு மட்டும் சிரித்தது. "இவளுக்கு இப்ப உப்பிடி ஒரு பகிடி."

"பகிடி இல்லை அம்மா."

பேபி அன்ரி கிண்ணத்தை மேசையில் வைத்தார். காலைக் கீழே இறக்கினார்.

"யோகமலர், அப்ப எனக்குச் சொன்னது?"

யோகமலர் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள்.

"நான் என்ரை வாயாலை அந்த மனிசிக்குச் சத்தியம் பண்ணாத குறையாய்ச் சொன்னனான். இனி ஆர் என்னை நம்பிச் சாதகம் தருவினம்? என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டியளே அம்மாவும் மகளும்!"

"அம்மா பாவம். எனக்காண்டித்தான் சொன்னவ" என்றாள் கஜனி. இந்த முறை வாய் நிற்கவில்லை. "அவர் தன்ரை அம்மாவுக்குச் சொல்லிப்போட்டார். அவ ரெண்டு நாள் கதைக்கேல்லையாம். பிறகு, வரட்டும் பாப்பம் எண்டவவாம். அவர் ஓம் எண்டுதான் நிக்கிறார். நான் வீட்டிலை சொல்லோணும் எண்டு மட்டும் கேட்டவர். நான்தான் இவ்வளவு நாளும் சொல்லேல்லை."

பேபி அன்ரி அவளை மேலும் கீழும் பார்த்தார். கோபம் போகவில்லை. ஆனால் அதற்குள் வேறொரு கணக்கு ஓடத் தொடங்கியது முகத்தில் தெரிந்தது.

"தாய்க்காரி வரட்டும் எண்டவவோ?"

"ஓம்."

"என்னைப் பற்றி என்னவும் சொன்னவவோ?"

"தெரியாது அன்ரி."

"சொல்லியிருப்பா. சொல்லாமல் விடுவாவே?" அவர் மிக்ஸரைத் திரும்ப எடுத்து ஒரு கை வாயில் போட்டுக்கொண்டார். "சரி. நான் இண்டைக்கே ஒருக்கா எடுத்துக் கதைக்கிறன். ஆனால் யோகமலர், இனி என்னட்டை ஒரு விஷயம் சொல்லேக்கை உள்ளதைச் சொல்லும். மெருகு பூசிறதை நான் பூசுவன். அது என்ரை வேலை."

யோகமலர் எழும்பிக் குசினிக்குள் போனாள். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. கழுவிக் கவிழ்த்த கோப்பைகளையே திரும்பக் கழுவுகிறாள் போலிருந்தது. கஜனி நின்ற இடத்திலேயே நின்றாள். உள்ளே போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ரீவியில் அவர்கள் வாசலைத் தாண்டி வடக்குப் பக்கம் போய்விட்டார்கள். கல்லுக்கு நடுவே செங்கல் வரிசை ஓடும் மிகப் பழைய கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமில்லாமல் போயின. சித்தி ஒரு கல்லில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தடவினார்.

தண்ணீர் நின்றது. யோகமலர் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. மகளைப் பார்க்காமல் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த இடத்துக்குத் திருப்பிப் போ" என்றாள்.

"எந்த இடம் அம்மா?"

"நீ கதைக்கிற இடம்."

கஜனி கசெற்றைப் பின்னால் ஓடவிட்டாள். சித்தி செருப்பைப் போட்டுக்கொண்டு பின்பக்கமாக நடந்தார். கோபுரங்கள் வந்த வழியே திரும்பின. வளைவு வந்ததும் நிறுத்தி, ஓடவிட்டாள். சத்தத்தைக் கூட்டக் கை போனது.

"வேண்டாம். பாட்டு வேண்டாம்."

சத்தமில்லாத படத்தில் கஜனி பேசினாள். நிறையப் பேசினாள். இடையில் ஒருதரம் நின்று, மூச்சு வாங்கி, திரும்பவும் பேசினாள். மிதுனன் மடித்த தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். யோகமலர் முன்னால் குனிந்து, மகளின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நேரம் கதைச்சனியே நீ?"

"ஓம்."

"ஒருத்தரும் கதை கதை எண்டு உந்தாமல்?"

"ஓம் அம்மா."

யோகமலர் மூக்கை உறிஞ்சினாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கதைக்கேக்கை ஏன் கையை உப்பிடி முறுக்கிறாய்?" என்றாள். "பெடியன் என்ன நினைப்பான்?"